நல்லம்மாவின் பாதிச் சிரிப்பு

வாய் கொப்பளிக்கும்போதுதான் நல்லம்மாவுக்கு முதலில் தெரிந்தது. தை மாதக் குளிர். பீலியில் கொட்டுகிற தண்ணீரைக் கையில் பிடித்து வாயில் வைத்தாள். உமிழ்வதற்கு முன்பே அது இடது பக்கமாக ஒழுகி மார்புச் சேலையை நனைத்தது. மறுபடி வைத்தாள். மறுபடியும் ஒழுகியது. லயத்தில் தங்கள் வீட்டுக்குத் திரும்பிவந்து, வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த புருஷன் லெட்சுமணனிடம் சொல்ல வாயெடுத்தபோது வார்த்தை குழறியது. விளையாட்டுக்கு முகத்தைக் கோணிக் காட்டுகிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான். அவளுடைய இடது கண் மூடாமல் வெறித்துக்கொண்டே இருந்ததைக் கண்டதும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

இது நடந்தது தொண்ணூற்றேழாம் வருஷம். புசல்லாவையில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் மேலே ஏறினால் வருகிற ஒரு தேயிலைத் தோட்டம். நல்லம்மாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. பன்னிரண்டு வருஷம் கொழுந்து பறித்தவள், அதன்பிறகு எட்டு வருஷமாகப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தாள். தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளையும் பள்ளிக்கூடம் போகிற வயதாகாத சின்னதுகளையும் விட்டுப்போகிற தகரக் கூரைக் கட்டடம் அது. காலை ஏழு மணிக்கு நிறையும், மாலை நாலரைக்குக் காலியாகும். பத்து மணிக்கும் மத்தியானத்துக்கும் தாய்மார் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி ஓடுவார்கள். மற்ற நேரம் முழுக்க அந்தப் பிள்ளைகளுக்கு நல்லம்மாதான் எல்லாம்.

கண்டி ஆஸ்பத்திரியில் பார்த்த டொக்டர், முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது என்றார். அநேகமாக மூன்று மாதத்தில் சரியாகிவிடும், சிலபேருக்குச் சரியாகாமலும் போகலாம் என்று அவர் சிங்களத்தில் சொன்னதை லெட்சுமணன் அவளுக்குத் தமிழில் சொன்னான். இரண்டாவது பாதியை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டான். லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பின்னேரம் குறுக்குப் பாதையில் வந்தாளே, காத்து பட்டிருக்கும் என்றார்கள். மாத்தளை அம்மன் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வை என்றார்கள். அவள் டொக்டர் கொடுத்த மருந்தைக் குடித்தாள், சொன்னபடி கன்னத்தைத் தடவிவிட்டாள், கண்ணுக்குத் துணி கட்டிக்கொண்டு தூங்கினாள். மூன்று வாரத்தில் பேச்சுத் தெளிந்தது. முகம் மட்டும் தெளியவில்லை. இடது பாதி தொங்கிப்போய், வலது பாதி அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல ஆகிவிட்டது.

நாலாவது வாரம் வேலைக்குத் திரும்பினாள்.

இருபத்துமூன்று பிள்ளைகள். ஏணைத் தொட்டிலில் கிடந்த கைக்குழந்தைகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தூக்கினால் தோளில் சாய்ந்துகொண்டன. இரண்டு வயது, மூன்று வயதுப் பிள்ளைகள்தான் சுவரோடு ஒண்டின. அதிலும் மங்களேஸ்வரி. இரண்டு வயதும் எட்டு மாதமும் ஆன அந்தப் பிள்ளை, முன்பெல்லாம் நல்லம்மாவின் இடுப்பைவிட்டு இறங்காதவள். அன்றைக்கு, "என் ராசாத்தி வா" என்று கையை நீட்டிச் சிரித்ததும், வீறிட்டுக்கொண்டு போய்ப் பால்மாப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பத்து மணிக்குத் தாய் வீரம்மா வரும்வரை வெளியே வரவில்லை.

மத்தியானம் பிள்ளைகள் தூங்கின பிறகு, மருந்து அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நல்லம்மா நின்றாள். இத்தனை நாளும் அவள் கண்ணாடியைச் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது சிரித்துப் பார்த்தாள். கோபித்துப் பார்த்தாள். கெஞ்சுகிறமாதிரி ஒன்று செய்து பார்த்தாள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. சிரித்தாலும் ஒரு பக்க இளிப்பு, கோபித்தாலும் அதே இளிப்பு. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பிள்ளை அவலட்சணத்தைப் பார்த்துப் பயப்படவில்லை. இவள் அணைக்கப் போகிறாளா அடிக்கப் போகிறாளா என்று அந்தப் பிள்ளையால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் பயம்.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கோபம்தான் வந்தது. குளிரின்மேல், நரம்பின்மேல், தன்னைக் கண்டதும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு பேசுகிற பெண்களின்மேல் எல்லாம் கோபம். முகம் சொல்லாவிட்டால் போகட்டும், வாய் சொல்லும், கை சொல்லும், கால் சொல்லும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லும்போது காலால் தரையை இரண்டு தரம் உதைத்தாள். கண் விழித்துக் கிடந்த ஒரு பிள்ளை அதைப் பார்த்துக் கெக்கெக்கென்று சிரித்தது. விளையாட்டு அங்கிருந்துதான் பிறந்தது.

மறுநாள் காலை ஏணைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, எல்லாப் பிள்ளைகளும் பார்க்கும்படி சொன்னாள்: "ஆயாவுக்கு இப்பச் சந்தோசம். வாய் பாதிதான் சிரிக்கும். மிச்சச் சிரிப்பு கையில இருக்கு." சொல்லிவிட்டுக் கன்னத்தில் இரண்டு கையையும் வைத்து, பிறகு அகல விரித்தாள். கோபம் என்றால் இடுப்பில் கை, தரையில் இரண்டு உதை. பயம் என்றால் கோதுமைமாச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நடுங்குவது. அழுகை என்றால் மூலையில் போய் முழங்காலில் மோவாயை வைத்துக்கொள்வது. ஒவ்வொன்றுக்கும் பிஸ்கட் டின்னில் ஒரு தட்டு இருந்தது. சந்தோஷத்துக்கு வேகமாக, அழுகைக்கு ஒரு விரலால் மெதுவாக. பிள்ளைகள் முதல் நாள் வெறுமனே பார்த்தார்கள். மூன்றாம் நாள் சாக்குக்குச் சண்டை வந்தது. எல்லாருக்கும் பயப்பட வேண்டுமாம்.

மங்களேஸ்வரி ஆறு நாள் பெட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். ஏழாம் நாள் வெளியே வந்து, நல்லம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கைகளை மட்டும் பார்த்தாள். கை விரிந்தது. பிள்ளை வந்து அதற்குள் நின்றுகொண்டாள்.

பிறகு மூட்டையம்மா வந்தாள். மாச் சாக்கில் காய்ந்த மானாப்புல்லைத் திணித்துத் தைத்த பொம்மை. அதற்கு நல்லம்மா முகம் வரையவில்லை. வேண்டுமென்றேதான். நாலு பால்மா டின் மூடிகளில் அடுப்புக் கரியால் நாலு முகம் வரைந்து நூலில் கோத்துத் தொங்கவிட்டாள். மூட்டையம்மாவுக்கு எந்த முகம் என்று பிள்ளைகள்தான் முடிவு செய்ய வேண்டும். மூட்டையம்மாவின் ரொட்டியை யாரோ பிடுங்கிக்கொண்டார்கள், இப்போது என்ன முகம்? கூரையில் மழை தடதடவென்று கொட்டுகிறது, என்ன முகம்? ஒருநாள், மூட்டையம்மாவின் அம்மா மலைக்குப் போய்விட்டாள் என்று நல்லம்மா ஆரம்பித்தபோது ஒரு பிள்ளை அழுகை மூடியை எடுத்தது, இன்னொன்று கோப மூடியை எடுத்தது. இரண்டும் தள்ளுமுள்ளு. நல்லம்மா யாரையும் திருத்தவில்லை. ரெண்டும் இருக்கும் என்று சொல்லி இரண்டு மூடியையும் மூட்டையம்மாவின் கழுத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினாள்.

மூடியில்லாத ஒன்றும் இருந்தது. சில பிள்ளைகள் அழவும் மாட்டார்கள், கோபிக்கவும் மாட்டார்கள். வாசற்படியில் நின்று, தாய் போன மலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு நல்லம்மா ஏக்கம் என்று பெயர் சொன்னாள். வரையத் தெரியாததால் அதற்கு முகம் வரையவில்லை. ஏக்கம் வந்த பிள்ளை மூட்டையம்மாவைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கலாம் என்று ஏற்பாடு. மற்றவர்கள் பொம்மையைக் கேட்கக் கூடாது. அதை அவர்கள் ஆச்சரியப்படும்படி மதித்தார்கள்.

இதெல்லாம் பிள்ளைக்காம்பராவுக்குள்ளேயே கிடந்திருந்தால் ஒரு தொந்தரவும் வந்திருக்காது. ஆனால் பிள்ளைகள் மாலையில் வீட்டுக்குப் போகிறவர்கள்.

மங்களேஸ்வரியின் அப்பன் ராஜலிங்கம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். நல்ல வேலைக்காரன். குடித்துவிட்டால் வேறு ஆள். சித்திரை முடிகிற ஒரு சாயந்திரம் சத்தம் போட்டுக்கொண்டு வந்து சோற்றுச் சட்டியைத் தூக்கி எறிந்தான். எப்போதும் கட்டிலுக்கடியில் புகுந்து கத்துகிற பிள்ளை, அன்றைக்கு மூலையில் கிடந்த சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள். "அப்பா, எனக்குப் பயம். ஒனக்குக் கோவமா?" என்று கேட்டாள். லயத்துச் சுவர் கூரைவரை போகாது. ஒரு காம்பராவில் பேசினால் ஆறு காம்பராவில் கேட்கும். மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில், ராஜலிங்கத்தை மூன்று வயதுப் பிள்ளை விசாரணை வைத்ததாம் என்று சிரித்தார்கள். அவன் வேலைக்குப் போகாமல் நேரே பிள்ளைக்காம்பராவுக்கு வந்தான்.

நல்லம்மா வாசலில் நின்றாள். உள்ளே விடவில்லை.

"எம் புள்ளைக்கு என்னாத்த சொல்லிக் குடுக்குற நீ?"

"பயத்துக்குப் பேரு பயம்னு சொல்லிக் குடுத்தேன்."

"வாய் கோணினவகிட்ட விட்டது எந் தப்பு. இனிமே நீ இங்க இருக்க மாட்ட."

"இருப்பேன் தம்பி. புள்ள அப்பிடிக் கேக்கக் கூடாதுன்னா, பயப்படுத்தாம இருக்குறது ஒங் கையிலதான் இருக்கு."

அவன் கையை ஓங்கினான் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். நல்லம்மா அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. அவள் நகரவில்லை என்பது மட்டும் எல்லாரும் ஒத்துக்கொள்கிற விஷயம்.

அவன் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்தான். ஆயாவின் முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், சாக்கைப் போட்டு மூடிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தது. சாக்குக் கதை உண்மைதானே. மனு கண்டிக்குப் போனது. இரண்டு வாரம் கழித்துக் கம்பனியின் நலன்புரி உத்தியோகத்தர் பத்மாதேவி வந்தாள்.

பத்மாதேவி யாழ்ப்பாணத்துக்காரி. இரண்டு வருஷத்துக்கு முன் சண்டையில் ஊரைவிட்டு வந்து, கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கிடைத்த இந்த வேலையில் இருந்தாள். படித்தவள், நேர்மையானவள், சட்டதிட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறவள். கொழும்பில் ஒரு பயிற்சியில் கொடுத்த அட்டைகளைக் கொண்டுவந்திருந்தாள். பிள்ளைகளுக்கு உணர்ச்சிகள் தெரிகிறதா என்று அந்த அட்டைகளை வைத்துப் பார்க்க வேண்டுமாம்.

அட்டைகளில் சிவந்த கன்னமும் பொன்னிற மயிருமாக வெள்ளைக்காரப் பிள்ளைகள். ஒவ்வொன்றாக நீட்டி, இந்தப் பிள்ளைக்கு என்ன என்று பத்மாதேவி கேட்டாள். பிள்ளைகள் மிரள மிரளப் பார்த்தார்கள். ஒரு பையன் அட்டையை நக்கிப் பார்த்தான். மங்களேஸ்வரி சாக்கைத் தேடிப் போனாள். மூட்டையம்மாவை வைத்துக் கேளுங்கள் என்று நல்லம்மா சொல்ல, எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று பத்மாதேவி தடுத்துவிட்டாள். கடைசியில் புத்தகத்தைத் திறந்து, ஒரு பதிலும் வரவில்லை என்று எழுத ஆரம்பித்தாள்.

அவள் எழுதிக்கொண்டிருந்தபோது, அட்டையை நக்கின அதே பையன் மங்களேஸ்வரியின் கையிலிருந்த பிஸ்கட் டின்னைப் பிடுங்கினான். அவள் விடவில்லை. அவன் குனிந்து அவள் முழங்கைக்குக் கீழே கடித்துவிட்டான். பல் பதிந்த கடி. மங்களேஸ்வரியின் கை மேலே போனது. முகம் கருத்துச் சிவந்தது. நல்லம்மா எழுந்திருக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். உயர்ந்த கை இறங்கி இடுப்புக்குப் போனது. கால் தரையை இரண்டு தரம் உதைத்தது. "கோவம்! எனக்குக் கோவம்!" என்று பிள்ளை கத்தினாள். கடித்த பையன் திகைத்து நின்றான். பிறகு ஓடிப்போய், நூலில் தொங்கிய மூடிகளில் கோப மூடியை இழுத்தெடுத்து வந்து அவள் கையில் கொடுத்தான். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். பிறகுதான் ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே நல்லம்மாவின் மடிக்கு வந்தாள்.

பத்மாதேவியின் பேனா நின்றிருந்தது. கொஞ்ச நேரம் அந்தப் பையனையே பார்த்தாள். ஆனால் கடிதம் ஏற்கனவே கைப்பையில் இருந்தது, தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரை கையெழுத்துப் போட்டு. அதை எடுத்து நீட்டினாள். நல்லம்மாவுக்கு இனித் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் கொழுந்து பொறுக்குகிற வேலை. பிள்ளைக்காம்பராவுக்குப் பயிற்சிச் சான்றிதழ் உள்ள வேறொரு பெண்.

"நான் என்ர விருப்பத்துக்குச் சொல்லேல்லை நல்லம்மா. ஒரு பிள்ளைக்கு முதல் புத்தகம் முகம்தான் எண்டு படிச்சனாங்கள்."

"அந்தப் புத்தகத்துல பாதி கிழிஞ்சிருச்சு மிஸ். அதத்தான் நான் வாயால படிச்சுக் காட்டுறேன். படிச்ச புள்ளைங்களத்தான் இப்ப நீங்க பாத்தீங்க."

"ஓம், பாத்தனான்." பத்மாதேவி தலையைக் குனிந்துகொண்டாள். "ஆனா கடிதம் துரை கையெழுத்து வச்சது."

"அப்ப அத தொரையே வெச்சிருக்கட்டும்."

நல்லம்மா கடிதத்தை மடித்துப் பத்மாதேவியின் கைப்பையிலேயே திரும்ப வைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்குப் போனபோது கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது. சான்றிதழ்க்காரப் பெண் சாவியோடு நின்றாள். புசல்லாவை டவுனைச் சேர்ந்தவள், பெயர் ருக்கியா, இருபது வயதிருக்கும். நல்லம்மா அவளோடு சண்டை பிடிக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தாள். தோட்டத்து அதிகாரி கண்டக்டர் ஐயா வந்து எழுந்து போகச் சொன்னார். போனாள், தன் லயத்துக்கு. ஸ்டோருக்கு மட்டும் போகவில்லை. தோட்டத்துச் சங்கத் தலைவர் பேசிப் பார்க்கிறேன் என்றார். அவர் பேசினாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

லெட்சுமணனும் ஸ்டோரில் வேலை செய்கிறவன், தன்மேலும் கை வைப்பார்கள் என்று பயந்தான். ஸ்டோர் வேலை ஒன்றும் மட்டமில்லையே, நிழலில் இருக்கலாமே என்று இதமாகச் சொல்லிப் பார்த்தான். நல்லம்மா அவனைப் பார்த்துச் சொன்னாள், இரைந்துகூடச் சொல்லவில்லை: "என்னை ஒளிச்சு வைக்கத்தான் அந்த நெழலு. நான் ஒளிய மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் வாசலுக்கு வந்தது வீரம்மா, ராஜலிங்கத்தின் பெண்சாதி. இடுப்பில் மங்களேஸ்வரி. புதுப் பெண்ணிடம்தான் விட வேண்டும் என்று புருஷன் கட்டளை போட்டிருந்தான். வீரம்மா பிள்ளையை இறக்கிவிட்டு, அவரு சொன்னதச் சொல்லட்டும், இதப் பெத்தவ நான்தான் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள். அன்றைக்கு மூன்று பிள்ளைகள் வந்தன. புதன்கிழமை ஐந்து. வெள்ளிக்கிழமை ஒன்பது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு பேசினவர்களில் இரண்டு பேரும் அதில் இருந்தார்கள். மீதிப் பேர் ருக்கியாவிடமே விட்டார்கள். அதற்காக நல்லம்மா யாரையும் குறை சொல்லவில்லை. ஆபீசைப் பகைத்துக்கொள்ள எல்லாருக்கும் முடியாது. வெள்ளி பின்னேரம் வேலை முடிந்து வந்த லெட்சுமணன், அவளுடைய பழைய சேலைகளை எடுத்துத் தன் வீட்டுக் கூரை வளையில் மூன்று ஏணை கட்டினான்.

இரண்டாவது திங்கட்கிழமை எதிர்பாராத ஆள் வந்தது. ருக்கியா, கையில் மூட்டையம்மா. அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. பிள்ளைகள் இந்தப் பொம்மையை வைத்துக்கொண்டு எதையோ கேட்டுக் கேட்டு அழுகிறார்கள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றாள்.

"இதுக்கு மொகமே இல்லையே ஆயாம்மா. நா என்னத்த செய்ய?"

நல்லம்மா மூட்டையம்மாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தன் இடத்தைப் பிடித்தவளுக்குச் சொல்லிக் கொடுப்பதா என்று அவள் நினைத்திருக்கலாம். பிறகு உட்காரச் சொல்லி, ஒரு டின்னை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எந்தத் தட்டு என்று காட்டினாள். ஏக்கத்துக்கு மூடி கிடையாது, வாசலில் நிற்கவிடு, பொம்மையைப் பிடுங்காதே என்றாள். அதன்பிறகு ருக்கியா மூன்று பின்னேரம் வந்துபோனாள்.

இதற்குள் வைகாசியும் பாதிக்குமேல் போய்விட்டது. கொழுந்து தளதளவென்று வருகிற காலம். பிள்ளைக்காம்பரா மலைக்குப் பக்கத்தில் இருந்தது. நல்லம்மாவின் லயமோ அரை மைல் கீழே. ஒன்பது தாய்மார் பத்து மணிக்கும் மத்தியானத்துக்கும் கீழே இறங்கிப் பால் கொடுத்துவிட்டு ஏறிவந்தால், நிறுவை நேரத்துக்குக் கூடை பாதிதான் நிறைந்திருந்தது. கங்காணி கத்திப் பார்த்தார். பிள்ளையைப் பட்டினி போட முடியுமா என்று வீரம்மா எல்லார் முன்னாலும் திருப்பிக் கேட்டாள். முத்தின கொழுந்து செடியிலேயே நின்றது. பன்னிரண்டாம் நாள் பெரிய தொரை நல்லம்மாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே கேட்டாள். தொரை சிங்களத்தில் சொல்ல, கிளார்க் தமிழில் சொன்னார். பிள்ளைகளின் நன்மையைக் கருதி அவளைத் திரும்ப எடுக்கத் தீர்மானித்திருக்கிறார்களாம். எந்த நன்மை என்று அவளுக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே, செடியில் நின்ற கொழுந்து அவளுக்கும் தெரிந்தது. இருந்தாலும் உடனே சரி சொல்லவில்லை. தன்னைத் திரும்ப எடுக்கிறார்கள் என்று தமிழில் கடிதம் வேண்டும் என்றாள். இருபத்துமூன்று பிள்ளைக்கு ஓர் ஆள் போதாது என்று எட்டு வருஷமாகச் சொல்லிவருகிறேன், அந்தப் புதுப் பெண்ணையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். கிளார்க் இரண்டாவதைச் சொல்லத் தயங்கினார். சொல்லுங்கள் என்று நல்லம்மா அவரைப் பார்த்தாள். அவளுடைய மூடாத கண்ணைச் சந்திப்பது எவருக்கும் சங்கடம்தான். அவர் சொல்லிவிட்டார்.

கடிதம் வந்தது. ருக்கியா மூன்று மாதத்துக்குப் பார்ப்போம் என்று நின்று, பிறகு நிரந்தரமாகிவிட்டாள்.

ராஜலிங்கம் திருந்திக் குடியை விட்டுவிட்டான் என்று சொல்ல ஆசைதான். விடவில்லை. நல்லம்மாவிடம் வந்து மன்னிப்பும் கேட்கவில்லை. பாதையில் கண்டால் மறுபக்கம் பார்ப்பான். ஆனால் குடித்த நாட்களில் பீலிப் படியில் உட்கார்ந்து, பிள்ளை தூங்கிவிட்டாளா என்று யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான் என்று வீரம்மா சொன்னாள். அது பயத்தாலா வெட்கத்தாலா என்று வீரம்மாவுக்கே தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் சட்டி பறக்கவில்லை, அது போதும் என்றாள்.

டொக்டர் சொன்ன மூன்று மாதமும் போய், ஒரு வருஷமும் போனது. நல்லம்மாவின் கண் முக்கால்வாசி மூடக் கற்றுக்கொண்டது. வாய் அப்படியே நின்றுவிட்டது. இனி இதுதான் என்று அவள் முடிவுக்கு வந்ததும், கன்னத்தைத் தடவிவிடுவதை நிறுத்தினாள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆடியில், அம்பிட்டியவில் ஒரு மண்டபத்தில் பல தோட்டத்து ஆயாமாருக்குப் பயிற்சி நடந்தது. பத்மாதேவிதான் ஏற்பாடு. கடிதம் எழுதாமல், தானே தோட்டத்துக்கு வந்து நல்லம்மாவைக் கூப்பிட்டாள். கற்றுக்கொள்ள அல்ல, சொல்லிக் கொடுக்க. வாசலில் நின்று, "அண்டைக்கு நான் எழுதினது பிழை. எழுதேக்குள்ளயே தெரிஞ்சது, எண்டாலும் எழுதினனான்" என்றாள். நல்லம்மா அதை இல்லையென்று சொல்லி அவளைத் தேற்றவில்லை. ஆமா மிஸ், பிழதான் என்று ஒத்துக்கொண்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

முப்பது ஆயாமார் வந்திருந்தார்கள். நல்லம்மா மேசைக்குப் பின்னால் நிற்க மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்தாள். முதலில் தன் முகத்தைப் பற்றித்தான் பேசினாள். பார்க்காதமாதிரி பார்க்க வேண்டாம், நன்றாகப் பாருங்கள் என்றாள். எல்லாரும் பார்த்தார்கள். பார்த்து முடிந்ததும் டின்னைத் தட்டினாள். சீக்கிரத்தில் முப்பது பெண்களும் சாக்கைப் போட்டுக்கொண்டு நடுங்கினார்கள், தரையை உதைத்தார்கள். இரண்டு மூன்று பேர் உதைத்தபிறகு நிறுத்தவே இல்லை. எந்தக் காலத்துக் கோபமோ, யார்மேலோ. நல்லம்மா டின்னைத் தட்டிக்கொண்டே இருந்தாள், அவர்கள் ஓயும்வரை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படம் எடுக்க ஒருவர் வந்தார். கம்பனியின் வருஷப் புத்தகத்துக்காம். ஆயாமாரை வரிசையாக நிறுத்திவிட்டு, நல்லம்மாவை நடுவில் உட்காரவைத்தார். பிறகு யோசித்து, கொஞ்சம் இடது பக்கம் திரும்பி உட்காருங்கள் அம்மா, வலது பக்கம் மட்டும் விழட்டும், படம் அழகாக வரும் என்றார். அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. பத்மாதேவி அவரிடம் ஏதோ சொல்லப் போனாள். நல்லம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நேராத்தான் உக்காந்திருக்கேன் தம்பி. நீங்க எடுங்க."

அவர் கமராவைத் தூக்கி மறுபடி இறக்கினார். முப்பது பெண்களும் அசையாமல் நின்றார்கள். நல்லம்மா இரண்டு கன்னத்திலும் கையை வைத்து, பிறகு அகல விரித்து, அவர் எடுக்கிற வரைக்கும் இறக்கவில்லை.